காளை தரும் பால்



தலைநகரில் என்னுடன் ஒரே அலுவலகத்தில் பணியாற்றும் நண்பர் ஒருவருக்குச் சில மாதங்களுக்கு முன்பு ஊரிலிருந்து தம்பியின் தொலைபேசி அழைப்பு வந்தது. தாராபுரத்துக்கு அருகில் சிற்றூர். தோட்டத்தில் நான்கைந்து கறவை மாடுகளை வைத்துப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஊற்றிவருகிறார் தம்பி. "அண்ணா, ஒரு நாளைக்கு 18 லிட்டர் கறக்கிற மாடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இந்த ஒரு மாட்டைப் பிடித்துப்போட்டால் போதும். இதன் வயிற்றில் பிறக்கிற கிடேரியெல்லாம் 18 லிட்டர் கறக்கும். நீங்கள் பணம் மட்டும் அனுப்பிவையுங்கள்" என்றாராம். நண்பரிடம் இருந்ததோ மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று ஒதுக்கிய தொகை. "உங்களுக்குத்தான் இந்த விஷயம் தெரியுமே, என்ன செய்யலாம்?" என்று என்னிடம் வந்தார்.

நான் கால்நடை மருத்துவன் அல்லன். இலக்கியம் படித்துவிட்டு மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பிரிவில் காலம் கழிப்பவன். எனினும் மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு வசதி உண்டு: தனக்குத் தெரியாத துறைகளைப் பற்றியெல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கலாம். கறவை மாடுகளின் இனவிருத்தி பற்றிய ஒரு கட்டுரைத் தொகுப்பு சில ஆண்டுகளுக்கு முன் என் மேசைக்கு வந்தது. அதில் ஒரு சொல்லுக்குத் தமிழ் காண்பதற்கு இரண்டு நாள் ஆயிற்று. மாட்டுக்கு மாடு பால் அளவு வேறுபடுகிறது அன்றோ? அந்த வேறுபாட்டில் எவ்வளவு பிறப்பால் வந்தது, எவ்வளவு தீனியாலும் பராமரிப்பாலும் தட்பவெப்பத்தாலும் தற்செயலாலும் வந்தது என்று பிரித்துக் காட்டும் எண்ணுக்கு உரிய சொல் அது. 'பாரம்பரியப் பங்கு' என்று எழுதினேன். மேலதிகாரி ஒப்புக்கொண்டார். சொல் எப்படி இருப்பினும், அதன் பின்னாலுள்ள எண்தான் நண்பரின் கேள்விக்கு விடை.

பால் அளவைப் பொறுத்தவரை அந்தப் பங்கு நூற்றுக்கு 25 முதல் 30 வரை என்பது பல நாட்டு ஆய்வுகளில் கண்ட முடிபு. 25 என்றே கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரே தொழுவம், ஒரே தீனி. அங்கே மற்ற மாடுகள் சராசரியாக 10 லிட்டர் கறக்கின்றன. ஒரு பசு மட்டும் 18 லிட்டர் கறக்கிறது. மிகை 8 லிட்டர். இந்த எட்டில் கால் பங்கு, அதாவது 2 லிட்டர்தான் பிறவிச் சொத்து என்று எதிர்பார்க்கலாம். அந்த இரண்டிலும் பாதியைத்தான் அது தன் கன்றுக்குக் கொடுக்கிறது. மறு பாதி தந்தையின் பொறுப்பு. ஆகவே நடுத்தரமான ஒரு காளைக்குச் சேர்த்தால், 18 லிட்டர்ப் பசுவின் கிடேரியிடம் நாம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது 11 லிட்டர். பதினெட்டு அன்று.

இன்னும் ஒன்று. அதே பசு அடுத்த ஈற்றில் மறுபடியும் 18 லிட்டர் கறக்குமா? ஓர் ஈற்றின் மிகையில் ஏறக்குறையப் பாதிதான் அடுத்த ஈற்றிலும் திரும்பி வருகிறது என்பது பொதுவாகக் கண்ட அனுபவம். அப்படியானால் 14 லிட்டர். விலை கொடுத்தவர் பதினெட்டுக்குக் கொடுத்திருப்பார். தரகரைக் குறைகூறுவதில் பயனில்லை; அவர் காட்டிய கறவை பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். அந்தப் பசுவுக்கு அந்த ஆண்டு நல்ல ஆண்டாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைப் படித்த அன்று எனக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. 1990-ஆம் ஆண்டளவில், நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, என் தந்தையார் கடன் வாங்கிச் சந்தையில் ஒரு ஜெர்சிக் கலப்புப் பசுவைப் பிடித்துவந்தார். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதுவரை எங்கள் தொழுவத்தில் நின்றவை காங்கேயம் மாடுகள். ஏருக்கும் வண்டிக்கும் நிகரில்லாதவை. கன்று குடித்ததுபோக ஓரிரு லிட்டர் பால் கொடுத்தால் அதிகம். புதிய பசு 12 லிட்டர் கறந்தது. ஊரே வந்து பார்த்தது. அது ஈன்ற கிடேரிக் கன்றை மூன்று ஆண்டுகள் பிள்ளையைப் போல் வளர்த்தார்கள். அதன் பாலை நம்பித்தான் என் தமக்கையின் திருமணத்துக்குச் சீட்டுக் கட்டத் தொடங்கினார்கள். முதல் ஈற்றில் அது கறந்தது 5 லிட்டர். தந்தையார் கண்ணேறு என்றார். பாட்டி கறப்பவன் கை சரியில்லை என்றார். தாயார் தவிட்டையும் பருத்திக்கொட்டையையும் கூட்டிப் பார்த்தார். சீட்டுப் பணத்தை இடையில் எடுக்கவேண்டி வந்தது. கன்றின் தந்தை யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. தாய்ப்பசு பருவத்துக்கு வந்த அன்று சினை ஊசி போடுபவர் கிடைக்கவில்லை. அடுத்த தோட்டத்தில் நின்ற ஏதோ ஒரு காளையிடம் ஓட்டிப்போனார்கள். அந்தக் காளையின் தாயும் தமக்கைகளும் எவ்வளவு கறந்தன என்பது அதன் உடையவருக்கே தெரியாது.

பசுவின் உயிரணு ஒவ்வொன்றிலும் 60 குரோமோசோம்கள் உள்ளன. தாயிடமிருந்து 30, தந்தையிடமிருந்து 30. சீட்டுக்கட்டைக் கலைத்துப் பாதியை எடுத்துக் கொடுப்பதுபோல ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பாதி போகிறது. அதனால்தான் உடன்பிறந்த இரண்டு பசுக்கள்கூட ஒன்றுபோல் கறப்பதில்லை. பால் அளவைத் தீர்மானிப்பது ஒரு மரபணுவன்று. நூற்றுக்கணக்கில், ஏன், ஆயிரக்கணக்கில் உள்ள மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகக் கூட்டியும் குறைத்தும் தருவதன் மொத்த விளைவு அது. அவற்றில் பாதியைக் கொடுக்கும் காளைக்கு மடியில்லை. இனவிருத்தித் துறையின் சங்கடமெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

நம் முன்னோர் காளையைத் தேர்ந்தெடுக்காமல் இல்லை. சுழி பார்த்தார்கள், திமில் பார்த்தார்கள், கொம்பும் குளம்பும் பார்த்தார்கள். உழவுக்கு உரிய காளைக்கு இவற்றில் பலவும் பொருத்தமான சோதனைகளே. ஆனால் திமிலைப் பார்த்துப் பாலை அறிய இயலாது. வேறு என்ன செய்யலாம்? காளையின் தாய் நன்றாகக் கறந்ததா என்று பார்க்கலாம். அதைத்தான் உலகமெங்கும் நெடுங்காலம் பார்த்தார்கள். ஆனால் தாயின் ஒரே ஒரு கறவைக் காலத்து ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு காளையை மதிப்பிட்டால், அந்த மதிப்பீட்டின் நம்பகம் நூற்றுக்கு 6 பங்குதான் தேறுகிறது.

மகள்களைப் பார்த்துத் தந்தையை அறிவது என்னும் வழி இங்கேதான் பிறக்கிறது. ஒரு காளையின் மகள்கள் பல தொழுவங்களில், பல வகைத் தீனியில் வளரட்டும். அவை முதல் ஈற்றில் எவ்வளவு கறக்கின்றன என்று அளந்து, அதே தொழுவங்களிலுள்ள மற்றக் காளைகளின் மகள்களோடு ஒப்பிடுங்கள். தீனி வேறுபாடும் தற்செயலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுபோக, எஞ்சி நிற்பது தந்தையின் கொடை. 15 மகள்களை அளந்தால் நம்பகம் நூற்றுக்கு 50. ஐம்பது மகள்கள் என்றால் 77. நூறு மகள்கள் என்றால் 87. தாயின் ஏடு தந்த ஆறு எங்கே, மகள்கள் தரும் எண்பத்தேழு எங்கே! இந்த முறையைக் கணித அடிப்படையில் நிறுவியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவில் அயோவா கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஜே லஷ் என்பவர். அவருடைய நூல் 1937-இல் வெளிவந்தது. ஆனால் வழக்கத்தில் முந்திக்கொண்டவர்கள் டென்மார்க் நாட்டு உழவர்கள். சாம்சோ என்னும் சிறு தீவில் 1936-ஆம் ஆண்டில் அவர்கள் செயற்கைமுறைக் கருவூட்டலுக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். ஒரு காளையின் மகள்களைப் பல பண்ணைகளில் பரப்பி ஒப்பிடுவதற்கு இது வழி திறந்தது.

நம் நாடும் அதிகம் பின்தங்கிவிடவில்லை. மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் டாக்டர் சம்பத் குமரன் 1939-ஆம் ஆண்டிலேயே செயற்கைமுறைக் கருவூட்டலைச் செய்துகாட்டினார். ஆயினும் விந்துவை ஓரிரு நாளுக்கு மேல் காப்பாற்ற இயலாத காலம் அது. 1949-இல் இலண்டனை அடுத்த மில் ஹில் ஆய்வுக்கூடத்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்னும் மூவர் அதற்கு வழி கண்டார்கள். கண்டது ஒரு தவற்றால். சர்க்கரைக் கரைசல் என்று நினைத்து அவர்கள் எடுத்த புட்டியில் இருந்தது கிளிசரின். சீட்டு மாறியிருந்தது. கிளிசரின் கலந்து உறையவைத்த சேவல் விந்து, உருகிய பின்னும் உயிரோடு இருந்தது. பிறகு காளைக்கும் அது பொருந்தியது. சுழியத்துக்குக் கீழே 196 பாகைக் குளிரில், திரவ நைட்ரஜனில் வைக்கப்பட்ட உறைவிந்து ஆண்டுக் கணக்கில் கெடாது. காளை இறந்த பின்னும் அதற்குக் கன்றுகள் பிறக்கும். ஒரு பசு தன் வாழ்நாளில் மூன்று நான்கு கிடேரிகளை ஈன்றால் பெரிது. ஒரு காளைக்கோ ஆயிரக்கணக்கில் மகள்கள். பால் பெருக்கத்தின் பெரும்பகுதி காளைகளைத் தேர்ந்தெடுப்பதால் வந்தது என்று சொல்வதன் காரணம் இதுதான்.

இதில் ஆபத்தும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது சரியன்று.

1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு ஹோல்ஸ்டீன் காளைக்கன்று பிறந்தது. பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப் என்பது ஏட்டிலுள்ள பெயர். சுருக்கமாகச் 'சீஃப்' என்பார்கள். அதன் மகள்கள் பாலைப் பொழிந்தன. 16,000 மகள்கள், 5 இலட்சம் பேத்திகள், 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட கொள்ளுப் பேத்திகள். அமெரிக்க ஹோல்ஸ்டீன் இனத்தின் மொத்த மரபுச் சொத்தில் 14 விழுக்காடு இந்த ஒரு காளையிடமிருந்து வந்தது என்று கணக்கிட்டார்கள். ஆனால் அதன் குரோமோசோம் ஒன்றில் ஒரு பழுது ஒளிந்திருந்தது. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் தீங்கில்லை. தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் அதே பழுது வந்து சேர்ந்தால் கரு வயிற்றிலேயே அழியும். பேரனுக்கும் பேத்திக்கும் மீண்டும் மீண்டும் இணை சேர்ந்தபோது அதுதான் நடந்தது. பண்ணைக்காரர்களுக்கோ, 'சினை நிற்கவில்லை' என்பது மட்டும்தான் தெரிந்தது.

2011-இல் இதைக் கண்டுபிடித்த விதம் துப்பறியும் கதையைப் போன்றது. ஆயிரக்கணக்கான மாடுகளின் மரபுக் குறிகளைப் படித்தபோது, குறிப்பிட்ட ஒரு துண்டு ஒற்றையாகப் பல மாடுகளில் காணப்பட்டது. இரட்டையாக ஒன்றில்கூட இல்லை. இருக்கவேண்டியவை இல்லாமற்போனதே தடயம். அவை பிறக்கவே இல்லை! 2016-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, 35 ஆண்டுகளில் உலகெங்கும் ஏறக்குறைய 5 இலட்சம் கருக்கள் இவ்வாறு அழிந்தன என்றும், இழப்பு 42 கோடி டாலர் என்றும் மதிப்பிட்டது. அதே ஆய்வு, சீஃபின் வழியாகக் கூடுதலாகக் கிடைத்த பாலின் மதிப்பு 3,000 கோடி டாலர் என்றும் கூறுகிறது. வரவு செலவுக் கணக்கில் வரவே மிகுதி. எனினும் சினை நிற்காத ஒரே பசுவை வைத்திருந்த எளிய குடியானவனுக்கு அந்த 3,000 கோடியால் என்ன ஆறுதல் என்று கேட்கத் தோன்றுகிறது.

பாலை மட்டும் துரத்திக்கொண்டு போனதில் வேறொரு விளைவும் நேர்ந்தது. மிகுதியாகக் கறப்பதற்கு உதவும் மரபணுக்களில் சில, சினை பிடிப்பதற்கு இடையூறாக இருக்கின்றன. மேலை நாடுகளில் பால் ஏற ஏறப் பசுக்கள் சினை பிடிக்கும் திறம் இறங்கியது. 2003-ஆம் ஆண்டில் அமெரிக்கர்கள் தங்கள் காளை மதிப்பீட்டில் மகள்களின் சினைத் திறத்தையும் ஒரு கூறாகச் சேர்த்துக்கொண்ட பிறகே அந்தச் சரிவு தடுக்கப்பட்டது.

இங்கே வடநாட்டில் வாழும் நம்மவர்களின் காலைக் காப்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாம். தில்லிக்கு வந்த புதிதில், இங்கு வாங்கிய எருமைப்பாலில் போட்ட காப்பி நமக்குப் பிடிபடுவதில்லை. பால் கெட்டியாக நின்று டிகாக்ஷனை விழுங்கிவிடுகிறது. இதற்கும் மரபணு ஒரு காரணம். மாட்டின் 14-ஆம் குரோமோசோமில் பாற்கொழுப்பைக் கட்டும் ஒரு நொதிக்குரிய மரபணு இருக்கிறது. அதன் ஒரு வடிவம் கொழுப்பைக் கூட்டிப் பாலின் அளவைக் குறைக்கும். மற்றொரு வடிவம் அளவைக் கூட்டிக் கொழுப்பைக் குறைக்கும். 2002-இல் பெல்ஜியத்து ஆய்வாளர்களும் நியூசிலாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து இதை வெளிப்படுத்தினார்கள். பால் விஷயத்தில் தனித்து நின்று கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வலிமை பெற்ற மரபணு இதைப்போல் வெகு சிலவே. நம் நாட்டுத் திமில் மாடுகளிலும் எருமைகளிலும் ஏறக்குறைய முற்றிலும் கொழுப்பைக் கூட்டும் வடிவமே உள்ளது. கொழுப்பையும் மற்றத் திடப்பொருளையும் அளந்தே சங்கத்தில் பாலுக்கு விலை போடுகிறார்கள் என்பதால், 'எத்தனை லிட்டர்?' என்பது மட்டும் முழுக் கேள்வியாகாது.

நண்பர் இன்னொரு சந்தேகமும் கேட்டார்: "ஏ-2 பால், ஏ-2 பால் என்கிறார்களே, அது இதுதானா?" அன்று. அது பாலிலுள்ள ஒரு புரதத்தின் வகை. நாட்டு மாடுகளில் பெரும்பாலும் அந்த வகைதான் உண்டு. பால் அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் புட்டிகளிலிருந்து நீக்கச் சொல்லி, சில நாள்களிலேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அது தனிக் கதை.

கலப்பினப் பெருக்கத்தில் நம் நாட்டு அனுபவம் நீண்டது. பெங்களூரில் 1923-இல் தொடங்கிய பால்வள ஆய்வு நிலையத்துக்குக் காந்தியடிகள் 1927-இல் வந்து மாட்டுப் பராமரிப்பு பற்றிப் பாடம் கேட்டார். அந்த நிலையத்தின் தலைமையிடம் 1955-இல் கர்னாலுக்கு மாறியது. அங்கே தார்பார்க்கர் பசுவுக்கும் ஹோல்ஸ்டீன் காளைக்கும் பிறந்தவற்றிலிருந்து 'கரன் ஃப்ரீஸ்' என்ற கலப்பினத்தையும், சாகிவால் பசுவுக்கும் பிரவுன் சுவிஸ் காளைக்கும் பிறந்தவற்றிலிருந்து 'கரன் சுவிஸ்' என்பதையும் உருவாக்கினார்கள். கேரளத்தில் மூணாற்றை அடுத்த மாட்டுப்பெட்டியில் 1963-இல் தொடங்கிய இந்திய-சுவிட்சர்லாந்துத் திட்டத்தின் பயனாகச் 'சுனந்தினி' உருவாயிற்று. தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களுக்கு அந்தப் பெயர் புதிதன்று.

கலப்பின் முதல் தலைமுறை எப்போதும் வியப்பூட்டும். இரண்டு அன்னிய இனங்கள் சேரும்போது எழும் கலப்பு வீரியம் அது. தந்தையின் பாலும் தாயின் தாங்குதிறனும் கூடி நிற்கும். இதைக் கண்டு மயங்கித்தான் பலரும் கணக்குத் தவறினார்கள். கலப்பினத்துக்கும் கலப்பினத்துக்கும் சேர்த்துப் பெறும் அடுத்த தலைமுறையில் அந்த வீரியத்தில் பாதி கரைந்துவிடுகிறது. கன்றுக்குக் கன்று பெருத்த வேறுபாடும் தோன்றுகிறது. எங்கள் வீட்டுக் கிடேரிக்கு இதுவும் நேர்ந்திருக்கலாம் என்று பின்னால் எண்ணிக்கொண்டேன். மாறாக, சீமைக் காளையையே தலைமுறைதோறும் சேர்த்துக்கொண்டுபோனால் நம் கோடையைத் தாங்காத, உண்ணிக்கும் நோய்க்கும் எளிதில் இரையாகும் மாடு வந்து நிற்கும். சீமை இரத்தத்தைப் பாதி அளவோடு, மிஞ்சினால் அதற்குச் சற்று மேலாக நிறுத்திக்கொண்டு, அந்த வரம்புக்குள் மகள்களால் மெய்ப்பிக்கப்பட்ட காளைகளைத் தேடுவதே இந்நாட்டு வல்லுநர்கள் அனுபவத்தில் கண்ட வழி.

அப்படியானால் நாட்டு மாட்டால் பால் பெருக்கவே இயலாதா? இதற்கு விடை நம்மிடமிருந்து பல்லாயிரம் மைல் தொலைவில் இருக்கிறது. அகமதாபாத்து மணிநகர்த் தமிழர்கள் குஜராத்தின் கிர் மாட்டைப் பார்த்திருப்பார்கள்: புடைத்த நெற்றி, சுருண்ட இலைபோல் தொங்கும் காது. அந்த மாடுகளைச் சென்ற நூற்றாண்டில் பிரேசில் நாட்டவர் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். முதலில் இறைச்சிக்கென்றே பெருக்கினார்கள். பிறகு சிலர் பாலுக்கென்று தனிவழி பிரித்து, ஒவ்வொரு பசுவின் கறவையையும் எழுதிவைக்கத் தொடங்கினார்கள். 1985-ஆம் ஆண்டு முதல் காளைகளை மகள்களைக்கொண்டு சோதிக்கும் தேசியத் திட்டமே நடத்தினார்கள். இன்று கிர் அங்கே பேர்பெற்ற பால் இனம். கிரும் ஹோல்ஸ்டீனும் கலந்த 'ஜிரோலாண்டோ' அந்நாட்டுப் பாலின் பெரும்பகுதியைத் தருகிறது. அண்மையில் அங்குள்ள கிர் காளைகளின் உறைவிந்துவை இந்தியாவே தருவித்தது. இரத்தம் நம்முடையது; ஏடு அவர்களுடையது.

ஏடு எழுதுவது நமக்கு ஏன் கடினம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. டென்மார்க்கிலோ அமெரிக்காவிலோ ஒரு பண்ணையில் நூறு, இருநூறு பசுக்கள். நம் குடியானவர் வீட்டில் இரண்டு, மூன்று. ஒரு காளையின் நூறு மகள்களை அளக்க ஐம்பது வீடுகளுக்கு, மாதம் ஒருமுறை, காலையும் மாலையும் ஒருவர் போகவேண்டும். காளை கன்றாக இருந்த நாளிலிருந்து அதன் மகள்கள் கறந்து முடிக்கும்வரை ஐந்தாறு ஆண்டுகள் பொறுக்கவேண்டும். 1998 முதல் உலகிலேயே மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு நாம். 2023-24-இல் 23 கோடியே 90 இலட்சம் டன்னுக்கு மேல். ஆனால் இது மாடுகளின் எண்ணிக்கையால் வந்த பெருமை. 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாடுகள் 19 கோடியே 35 இலட்சம். எருமைகள் ஏறக்குறைய 11 கோடி.

ஐந்தாறு ஆண்டுக் காத்திருப்பைக் குறைக்கும் வழி ஒன்று பிறந்திருக்கிறது. கன்றின் காதிலிருந்து சிறு துணுக்கு, அல்லது ஒரு மயிர்க்கால் போதும்; அதிலுள்ள ஆயிரக்கணக்கான மரபுக் குறிகளைப் படித்து, ஏற்கெனவே அளக்கப்பட்ட மாடுகளின் குறிகளோடு ஒப்பிட்டு, கன்றின் தகுதியை முன்கூட்டி மதிப்பிடலாம். 2001-இல் கணித அளவில் கூறப்பட்ட இக்கருத்து, 2009-இல் அமெரிக்காவில் அதிகாரபூர்வமாக நடைமுறைக்கு வந்தது. இந்தியாவிலும் நம் மாடுகளுக்கென்று ஒரு சில்லும் எருமைகளுக்கென்று ஒரு சில்லும் 2024 அக்டோபர் 5-ஆம் நாள் மகாராஷ்டிரத்து வாஷிமில் வெளியிடப்பட்டன. ஆனால் சில்லு பாலை அளக்காது. ஒப்பிடுவதற்கு, யாரோ ஒருவர் தொழுவத்தில் குனிந்து அளந்து எழுதிய எண்கள் வேண்டும்.

"அப்படியானால் தீனி ஒன்றுமில்லையா?" என்று கேட்பீர்கள். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கவேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கவேண்டும் என்ற பழமொழி பொய்யாகிவிடவில்லை. பிறப்பு நூற்றுக்கு 25 என்றால் மீதி 75 பராமரிப்பும் சூழ்நிலையும்தானே. பசும்புல்லும் தண்ணீரும் நிழலும் இன்றே பலன் தரும். ஆனால் தீனியின் பலன் அந்தப் பசுவோடு நின்றுவிடும். நல்ல காளையின் கொடை பேத்திக்கும் போகும்.

நண்பர் அன்றிரவே தம்பியோடு பேசினார். பசுவை வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு கேள்விகளை மட்டும் கேட்கச் சொன்னார். அது முந்தைய ஈற்றில் எவ்வளவு கறந்தது? இப்போது அதன் வயிற்றிலிருக்கும் கன்றுக்குத் தந்தை யார்? முதற்கேள்விக்குத் தரகர் ஏதோ ஓர் எண்ணைச் சொன்னாராம், இரண்டாவதற்குச் சிரித்தாராம். தம்பி மறுநாள் பேசும்போது வேறு ஒரு செய்தி சொன்னார்: "நம்ம தொழுவத்துக் கிடேரிக்குப் போன மாதம் ஊசி போட்டவர் விந்துக்குழலில் இருந்த காளை எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு போனார், அண்ணா. நான் கேட்கவே இல்லை." கேட்டு வாங்கும்படி சொல்லப்பட்டது. கிடேரியின் காதிலுள்ள 12 இலக்க எண்ணும் காளையின் எண்ணும் இப்போது ஒரே தாளில் இருக்கின்றன. அந்தக் காளையின் மகள்கள் எப்படிக் கறக்கின்றன என்று கால்நடை மருத்துவரிடம் விசாரித்திருக்கிறார்கள்; பதில் வரவேண்டும்.

18 லிட்டர்ப் பசு வேறு யாருக்கோ விலைபோயிற்று. நண்பர் அனுப்பிய சிறு தொகையில் ஒரு தொங்கு தராசும், 200 பக்க நோட்டுப் புத்தகமும் வாங்கப்பட்டன. சென்ற வாரம் அலுவலகத்தில் கைபேசியை நீட்டினார். நோட்டின் முதல் பக்கம் படமாக வந்திருந்தது. தம்பி மகளின் கையெழுத்து. மாட்டின் பெயர், ஈற்று, தேதி, காலை, மாலை என்று கோடு போட்டிருந்தாள். சிவப்பிக்கு நேரே, மாலைக் கறவை: 4 கிலோ 300 கிராம்.